என் பெயரில் இருபத்து மூன்று ஆராய்ச்சிகள்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று, சி. அமிர்தலிங்கமாகிய நான் வெண்ணாற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்கிறேன். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதத்தில் இதைப் படிக்கிறவர்கள் மணலை அள்ளியதாக வைத்துக்கொள்ளலாம். கற்பூரம் அணைத்துத்தான் செய்வதாக இருந்தேன். "வீட்ல கற்பூரம் தீந்துபோச்சு. எல்லாம் நீங்க முன்னாடி பண்ண சத்தியத்துக்கே செலவாயிடுச்சு" என்று என் மனைவி விஜயலட்சுமி சொல்லிவிட்டாள்.

நான் பொதுப்பணித்துறையில் முப்பத்தாறு வருடம் லஸ்கராக இருந்தவன். வெண்ணாற்றிலிருந்து எங்கள் ஊர் வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மதகு உண்டு. அதன் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் உத்தியோகம். படிப்பு பத்தாம் வகுப்பு. கணக்கில் பதினேழு மார்க். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், பிறந்த குழந்தைகளின் மருத்துவத்தில் உலகம் மதிக்கிற ஆராய்ச்சியாளர்களில் நானும் ஒருவன் என்பது எனக்கே எழுபத்து மூன்றாவது வயதில்தான் தெரியவந்தது.

மேட்டூர் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த வாரம் அது. தபால் கொண்டுவருகிற செந்தாமரை ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஒரு நீளமான உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டர் அமிர்தலிங்கம்னு போட்டிருக்கு பெரியப்பா. வீட்டு நம்பர் உங்களுதுதான்."

"மாட்டு டாக்டரா இருக்கும். திருப்பி அனுப்பும்மா" என்று உள்ளேயிருந்து விஜயலட்சுமி குரல் கொடுத்தாள்.

மாட்டு டாக்டருக்கு ஐஸ்லாந்திலிருந்து கடிதம் வர நியாயமில்லை. தபால் தலையில் ஒரு பறவை குளிரில் விறைத்துப்போய் நின்றது. உறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, கூத்தாநல்லூரில் நெட் சென்டர் வைத்திருக்கும் அன்சாரிடம் போனேன். என் ஓய்வூதிய விவகாரமெல்லாம் அவன் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. பதினோரு வருடம் ஷார்ஜாவில் இருந்தவன். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு.

அன்சார் கடிதத்தை ஒரு முறை படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். பிறகு எழுந்து எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தான்.

"ஹெல்கான்னு ஒரு டாக்டரம்மா மாமா. குழந்தைங்களோட பாதம் சில்லிட்டுப் போறதைப் பத்தி நீங்க எழுதுனதைப் பத்து வருஷமா அங்க பிள்ளைங்களுக்குப் பாடமா நடத்துறாங்களாம். உங்களை ஒரு தடவை நேர்ல பாத்துட்டாப் போதும்ங்கிறாங்க."

"நான் எழுதுனது வாய்க்கா நோட்டு ஒண்ணுதானேடா?"

அவன் கம்ப்யூட்டரில் என் பெயரை அடித்தான். திரை நிறைய வந்தது. அமிர்தலிங்கம், கே. தஞ்சாவூர். இருபத்து மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகள். அவற்றை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முறை. எச்-இண்டெக்ஸ் பதினான்கு.

"அது என்னடா இண்டெக்ஸு?"

"பத்துக் கட்டுரை எழுதி, ஒவ்வொண்ணையும் குறைஞ்சது பத்துப் பேரு எடுத்துச் சொல்லியிருந்தா இண்டெக்ஸ் பத்து. உங்களுக்குப் பதினாலு. லேசுப்பட்ட ஆளில்ல நீங்க."

"எங்கப்பா பேரு சின்னசாமி. 'சி'தானே வரணும்? 'கே' யாரு?"

அப்போதுதான் அன்சார் சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான்.

"மாமா, நான் வருஷக்கணக்கா பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்புறவன். அதுல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பேரு? நம்ம ஆளுங்க அத்தா பேரைத் தூக்கி அதுல போட்டுடுவாங்க. அங்க போயி இறங்குனா அரபி அத்தா பேரைத்தான் கூப்பிடுவான். பதினோரு வருஷம் ஷார்ஜாவுல வேலை பாத்தது நான். கூப்பிட்டது பூரா ஜெகபர் அலின்னு. எங்கத்தா இங்க சாப்டுட்டு நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்தாரு."

எனக்கு மெல்லப் புரிந்தது. என் மகள் குந்தவை தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகளுக்கு டாக்டர். அவள் எழுதுகிறவள் என்பது தெரியும். உள்நாட்டுப் பத்திரிகைகள் அ. குந்தவை என்று ஒழுங்காகப் போட்டிருக்கின்றன. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் குடும்பப் பெயர் கேட்டிருக்கிறார்கள். அவள் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் என்னை முழுதாகவும் அவளை ஒற்றை எழுத்தாகவும் அச்சிட்டுவிட்டார்கள். முதல் கட்டுரையைத் தன் பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது எழுதினாள். அதனால் விலாசமும் என்னுடையது.

யோக்கியமான மனிதன் அந்த நிமிஷமே மகளுக்குப் போன் போட்டிருப்பான். ஒரு வாரம் டாக்டராக இருந்து பார்த்துவிட்டுப் போடலாம் என்று நான் நினைத்தேன். அந்த வாரம் நாலு மாதம் நீடித்தது.

அன்சார் அந்தப் பக்கத்தில் என் மின்னஞ்சல் விலாசத்தைச் சேர்த்தான். எதற்கென்று கேட்டேன். "கட்டம் சும்மா கிடக்கே மாமா" என்றான். மறுநாளிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. பிரேசிலில் மாநாடு, வந்து தலைமை வகிக்கவும். ஒரு பத்திரிகை, ஆசிரியர் குழுவில் சேரவும். இன்னொரு பத்திரிகை, மீன் வளர்ப்பைப் பற்றியும் எழுதித் தரவும். பிரேசிலுக்கு மட்டும் பதில் போடச் சொன்னேன்: குறுவை நடவு நேரம், வர இயலாது. அவர்கள் குறுவைக்கு வாழ்த்து அனுப்பினார்கள்.

ஆடி மாதம் ஸ்காட்லாந்திலிருந்து ஒன்று வந்தது. பிறந்த குழந்தைகளின் உடல் சூட்டைப் பற்றி நாலு டாக்டர்கள் எழுதிய கட்டுரை. அதை அச்சிடலாமா கூடாதா என்று மூன்று வாரத்தில் பேராசிரியர் அமிர்தலிங்கம் தம் மேலான கருத்தைச் சொல்ல வேண்டும். அன்சார் இரண்டு டீ குடித்து அதைத் தமிழில் சொல்லி முடித்தான்.

"சூடு எத்தனை மணிக்குப் பாத்தாங்களாம்?" என்று கேட்டேன்.

தேடினான். "மத்தியானம் மாமா."

"மத்தியானம் மட்டுமா?"

"அப்படித்தான் இருக்கு."

"எழுதிக்க" என்றேன். "மத்தியானம் பாக்குற அளவு அளவே இல்ல. இறங்குறதெல்லாம் விடிகாலைலதான் இறங்கும். அந்த நேரத்துக்கு எந்திரிக்கச் சோம்பப்படுறவன் நோட்டை எந்த இன்ஜினியரும் நம்ப மாட்டான். காலை ஆறு, சாயங்காலம் ஆறு, ரெண்டு வேளையும் பாத்துட்டு மறுபடி வாங்க. ரெண்டாவது, அளவெடுத்த ஆளு கையெழுத்து எங்க? மூணாவது, விடிகாலைல பாதம் குளிர்றதைப் பத்தித் தஞ்சாவூர்ல ஒரு பொண்ணு எழுதியிருக்கு. அதைப் படிச்சீங்களா, இல்லியா?"

மூன்றாவதுக்கு அன்சார் குந்தவை தன் சொந்தப் பெயரில் எழுதிய ஒரு கட்டுரையைத் தேடிப்பிடித்துத் தலைப்போடு சேர்த்தான். எல்லாவற்றையும் மரியாதையான இங்கிலீஷில் போட்டு அனுப்பினோம். பத்து நாளில் அந்தப் பத்திரிகை ஆசிரியர், இருபது வருடத்தில் இவ்வளவு கூர்மையான விமரிசனத்தைத் தாம் கண்டதில்லை என்று எழுதினார். அந்த வருடம் ஸ்காட்லாந்தில் நாலு டாக்டர்கள் விடியற்காலையில் எழுந்திருந்தார்கள் என்றால் அதற்கு நான்தான் காரணம்.

சரஸ்வதி பூஜை விடுமுறைக்குக் குந்தவை ஊருக்கு வந்தாள். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வார்டை மூடிடுவாங்க போலப்பா."

அவள் வார்டில் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் சேர்த்துத் துணியால் கட்டிவிடுவாள். நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். தாய்க்கு முடியாவிட்டால் அப்பன், அவனும் இல்லையென்றால் தாத்தா. பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தே குளிர் ஏறுகிறதா என்று கண்டுபிடிக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். பெரிய மெஷின் ஒன்றும் இல்லாத வைத்தியம். அதனாலேயே அதற்கு மரியாதையும் இல்லை. ஜனவரியிலிருந்து அந்த அறையை ஸ்கேன் மெஷினுக்குக் கொடுப்பதென்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. வெளிநாட்டு நிதியம் ஒன்று வார்டை ஐந்து வருடத்துக்கு ஏற்று நடத்தத் தயார். ஒரே நிபந்தனை: தலைமை டாக்டருக்கு எச்-இண்டெக்ஸ் பதினைந்து இருக்க வேண்டும். நவம்பர் முப்பது கடைசி நாள்.

"எங்கிட்ட ஆறுதான்பா இருக்கு. விண்ணப்பம் போடறப்பதான் முதல் தடவையா எடுத்துப் பாத்தேன். பதினாலு வருஷமா எழுதறேன். யாருமே படிக்கலைன்னு இப்பதான் தெரியுது."

"எத்தனை வேணும்ன?"

"பதினஞ்சு."

"எங்கிட்ட பதினாலு இருக்கு பாப்பா. எடுத்துக்க."

"அப்பா, நான் விளையாடற மனசுல இல்ல."

"அந்தப் பதினேழு மார்க்கு டாக்டருக்கு மதிப்பு ஜாஸ்தி, கேளு" என்றாள் விஜயலட்சுமி.

ஐஸ்லாந்துக் கடிதத்தைக் கொடுத்தேன். பிறகு அவள் போனில் என் பெயரை அடிக்கச் சொன்னேன். அவள் திரையை நகர்த்திக்கொண்டே போனாள். பெரு, வியட்நாம், உகாண்டா என்று ஊர் ஊராக மேற்கோள்கள். சுண்டல் தட்டு மடியிலிருந்து சரிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இத்தனை பேரு படிச்சிருக்காங்களாப்பா?" என்றாள். உடனே சிரித்துவிட்டாள்.

"பதினாலும் ஆறும் இருபது. அஞ்சு மிச்சமே இருக்கு" என்றேன்.

"அப்படிக் கூட்டக் கூடாதுப்பா. பதினாலு அடி தண்ணி ஓடற ஆத்துல ஆறடி வாய்க்கா வந்து விழுந்தா, இருபதடி ஆயிடுமா?"

"எப்படி ஆகும்? அரையடி ஏறும்."

"அதே கணக்குதான்."

எச்-இண்டெக்ஸ் எனக்கு முழுதாக விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இப்படி யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் நான் பதினேழு வாங்கியிருக்க மாட்டேன்.

இரண்டு கணக்கையும் சேர்த்து ஒரே ஆளாக்கும்படி, அந்தக் கட்டுரைக் கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் குந்தவை விண்ணப்பித்தாள். தீபாவளிக்கு மறுநாள் பதில் வந்தது. அன்றைக்குத்தான் நாலு மாதமும் சேர்த்து என்னைப் பிடித்தது. சேர்க்க முடியாது, டாக்டர் அமிர்தலிங்கம் தனி மனிதர், உயிரோடு இருக்கிறார், ஆடி மாதம்கூட ஒரு கட்டுரைக்கு விமரிசனம் எழுதியிருக்கிறார், மூத்த அறிஞர் ஒருவரின் உழைப்பை ஓர் இளைய டாக்டர் தன் பெயருக்கு மாற்றப் பார்ப்பதாகத் தோன்றுவதால், விஷயம் நிதியத்துக்குத் தெரிவிக்கப்படுகிறது.

குந்தவை போனில் அதை நிதானமாக வாசித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "ஆடி மாசம் என்னப்பா பண்ணீங்க?"

நான் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"வார்டு போறது ஒரு பக்கம். இப்ப நான் திருடிங்கிறாங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு, ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் கழித்தும் விடாத பழக்கத்தில், மதகுக்குப் போய் மட்டத்தைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர எத்தனை அடி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நிதியத்தின் குழுவில் ஒருவர், டாக்டர் அமிர்தலிங்கத்தைத் தாமே நேரில் விசாரித்து வருவதாக முன்வந்தார். அவர்தான் ஐஸ்லாந்து ஹெல்கா. மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் அந்த அம்மாளின் வாடகைக் கார் எங்கள் ஊருக்குள் நுழைந்தது. குந்தவையும் அன்சாரும் கூட வந்திருந்தார்கள். ஹெல்காவுக்கு ஆறடி உயரம், வெள்ளை முடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

அப்போது நான் சம்பா வயலின் வரப்பில் மண்டியிட்டு, தண்ணீரில் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். கண் கலங்கியது. மெதுவாக ஏதோ சொன்னாள்.

"அந்த முறை இங்கேருந்துதான் பிறந்துச்சாங்கிறாங்க மாமா" என்றான் அன்சார்.

"நண்டு வளை தேடுறேன்னு சொல்லு. தண்ணி உள்ள இழுக்குதான்னு கையை வச்சாத்தான் தெரியும்."

அன்சார் சொன்னான். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான் டாக்டரே இல்லை என்றேன். மிகப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். பத்தாவதில் கணக்கில் பதினேழு என்றேன். பள்ளிக்கூடங்கள் எங்கேயும் இப்படித்தான் என்று வருத்தப்பட்டாள். விஜயலட்சுமியைக் கூப்பிட்டு, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லச் சொன்னேன். நாற்பத்தெட்டு வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் என் பேச்சைக் கேட்டதில்லை. கால் மணி நேரம் சொன்னாள். ஹெல்கா அவளைக் கட்டிக்கொண்டு, தன் கணவரும் பேராசிரியர்தான், வீட்டில் இதே கதைதான் என்றாள்.

வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பொய்யை ஊர் நம்பியதில்லை. உண்மையைச் சொன்ன ஒரே நாளில் இப்படி ஆயிற்று.

மத்தியானம் எல்லோரும் தஞ்சாவூர் வார்டுக்குப் போனோம். பன்னிரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. கடைசி நாற்காலியில் பகலவன் என்ற இளைஞன், சட்டை இல்லாமல், மார்பில் ஒரு துணி மூட்டையோடு மூச்சைக்கூட எண்ணி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூட்டைக்குள் அவன் மகள். ஒரு கிலோ இருநூறு கிராம். பிறந்து ஒன்பது நாள்.

ஹெல்கா தன் பையிலிருந்து அந்த முதல் கட்டுரையின் பழைய பிரதியை எடுத்து, என்னிடம் கையெழுத்துக் கேட்டாள். முதல் பக்கத்தில் ஒரு படம்: குழந்தையின் உள்ளங்காலை ஒரு புறங்கை தொட்டுப் பார்க்கிறது. அந்தக் கையின் மோதிர விரலில் நகம் இல்லை.

நான் பேனாவைப் பிடித்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி என் கையைப் பார்த்தாள். எனக்கு நகங்கள் பத்தும் பத்திரமாக இருந்தன.

"படத்துல இருக்கிறது யார் கைன்னு கேக்குறாங்க" என்றான் அன்சார்.

குந்தவை எப்போதும்போல் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

"என் மக கை" என்றேன்.

"நகம் எப்படிப் போச்சாம்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் முப்பத்து மூன்று வருடமாக ஒரு பதில் தயாராக இருந்தது. கொள்ளிடத்திலிருந்து வெள்ளத்தில் வழிதவறி வந்த முதலை, மதகுக்குக் கீழே படுத்திருந்தது, நான் அதன் வாயைப் பிளந்து பிள்ளையின் கையை மீட்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. முதலையின் நீளம் மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும். நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. இந்த அம்மாள் எதையும் நம்புகிறவள், நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள்.

"முதலை எதுவும் இல்ல" என்றேன். "இவளுக்கு எட்டு வயசு. ஷட்டர் திருகை நான் சுத்திக்கிட்டு இருந்தேன். பூட்டுக் கம்பியை நீ பிடிச்சுக்க பாப்பான்னேன். எவனோ கரைலேருந்து கூப்பிட்டான். அவனுக்குக் கதை சொல்லிக்கிட்டே சுத்திட்டேன். விரல் உள்ள போயிருந்ததைப் பாக்கல. அவ கத்துனது என் காதுல விழறதுக்கு ரெண்டு சுத்து ஆயிடுச்சு. அது என் தப்பு. இந்தக் கட்டுரை பூரா அவ எழுதுனது. ஆடி மாசம் நான் பண்ணது வெறும் குறும்பு. அதுக்கு அவளைத் திருடின்னு சொல்லாதீங்க."

அன்சார் என்னைத் திரும்பிப் பார்த்தான். முதலைக் கதையை அவனும் பத்துத் தடவை கேட்டவன். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்துச் சொன்னான்.

ஹெல்கா குந்தவை பக்கம் திரும்பினாள். குந்தவை கையைப் பையிலிருந்து எடுத்தாள். பகலவனின் நாற்காலி பக்கம் குனிந்து, துணியை ஓரம் விலக்கி, பட்டாணி பட்டாணியாக விரல்கள் இருந்த அந்தப் பாதத்தில் புறங்கையை வைத்தாள். நகமில்லாத விரல் உள்ளங்காலில் படிந்தது. படத்தில் இருப்பது போலவே.

"சூடா இருக்கு" என்றாள் பகலவனிடம். "நல்லாப் பாத்துக்கறீங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் இப்படியே இருங்க."

"அஞ்சு மணி நேரம்கூட இருப்பேன் டாக்டர். மூக்குதான் அரிக்குது" என்றான் அவன். அன்சார் போய்ச் சொறிந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அன்சார் பெயர் விவகாரத்தை விளக்கினான். ஷார்ஜா, ஜெகபர் அலி, பாஸ்போர்ட் கட்டம் எல்லாவற்றையும். பாதியிலேயே ஹெல்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஐஸ்லாந்திலும் குடும்பப் பெயர் கிடையாதாம். பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அப்பன் பெயரைத்தான் சேர்ப்பார்களாம். அவள் முழுப்பெயருக்கு அர்த்தமே 'யோன் என்பவரின் மகள் ஹெல்கா' என்பதுதான். வெளிநாட்டுக்காரர்கள் அவளை அவள் அப்பா பெயரால் கூப்பிடும்போதெல்லாம் நாற்பது வருடமாகச் சண்டை போட்டிருக்கிறாளாம்.

"நானேகூட இதைக் கவனிக்காமப் போயிட்டேனேங்கிறாங்க" என்றான் அன்சார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் நாலு குழந்தைகள் விழித்துக்கொண்டன.

மூன்றாம் நாள் இரண்டு கணக்கும் ஒன்றாயின. டாக்டர் அமிர்தலிங்கம் மறைந்தார். நான் ஒரு வேளை காப்பி குடிக்காமல் துக்கம் அனுஷ்டித்தேன். குந்தவை போன் செய்தாள்.

"பதினாலுலயே நிக்குதுப்பா. பதினாலு கட்டுரை பதினஞ்சு மேற்கோளைத் தாண்டிடுச்சு. பதினஞ்சாவதுக்கு ஒரே ஒரு மேற்கோள் குறையுது. பதினஞ்சு பேரு சொல்லியிருக்கணும், பதினாலு பேருதான் சொல்லியிருக்காங்க."

"அந்த ஹெல்காம்மாவைக் கேளேன்."

"கேக்கக் கூடாதுப்பா. விதின்னா விதிதான்னு அவங்களே சொல்லிட்டாங்க."

நவம்பர் இருபத்தேழு, இருபத்தெட்டு. தினமும் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அன்சாருக்குப் போன் போட்டு மட்டம் கேட்டேன். பதினாலு. பதினாலு. தண்ணீர் ஏற மறுக்கும் நாட்களில் கரையில் நிற்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே ஷட்டர் என் கையில் இருக்கும்.

இருபத்தொன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு அன்சாரே கூப்பிட்டான்.

"மாமா, ஸ்காட்லாந்து!"

"அங்க என்ன?"

"அந்த நாலு பேரும் விடிகாலைல எந்திரிச்சு அளந்து, கட்டுரையைத் திருத்தி, நேத்து அச்சுல வந்துடுச்சு. நீங்க படிக்கச் சொன்ன பாப்பாவோட கட்டுரையைப் படிச்சிருக்காங்க. மேற்கோளாப் போட்டிருக்காங்க. அதேதான் மாமா, குறைஞ்சது அதேதான்! பதினஞ்சு!"

நான் போனை விஜயலட்சுமியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை இரண்டு கரண்டி. எனக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

வார்டு இருக்கிறது. ஸ்கேன் மெஷினுக்கு மாடியில் இடம் கொடுத்துவிட்டார்கள். பகலவனின் மகள் தமிழ்நிலா இப்போது ஒன்பது கிலோ. சென்ற மாதம் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். அவள் என் கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்துவிட்டுப் போனாள். என் மாப்பிள்ளை ராஜ்குமார், அடுத்த கட்டுரையில் குடும்பப் பெயராகத் தன் பெயரைப் போடலாமே என்று கேட்டுப் பார்த்தார். "ஒருத்தரை டாக்டராக்குனதே போதும்" என்றுவிட்டாள் குந்தவை. கையைக் கோட்டுப் பைக்குள் விடுவதை அவள் விட்டுவிட்டாள். ஊரில் யாராவது முதலையைப் பற்றிக் கேட்டால், நான் அந்த ஷட்டர் கதையைத்தான் சொல்கிறேன். முதலைதான் நன்றாக இருந்தது என்கிறார்கள்.

சத்தியம் செய்து எழுதுகிறவன் எதையும் மறைக்கக் கூடாது என்பதால், விட்டுப்போன ஒன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். என் பெயர் இளையபெருமாள். அமிர்தலிங்கம் என்று எங்கள் ஊரில் யாரும் கிடையாது.